பழைய வள்ளத்தைப் புதுப்பிக்கும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். நானும் என் கணவரும் தூத்துக்குடிக் கரையில் ஒரு பழைய மர வள்ளத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். முப்பதடிக்குச் சற்று மேல் நீளம். முன்பு சங்கு குளிக்கப் போன வள்ளம். வேலை முடிந்ததும் நாங்கள் இருவர் மட்டும் அதிலேயே தங்கி, கரையோரமாகத் தெற்கே போய், குமரி முனையைச் சுற்றி, கொல்லம் வரை போய்வரத் திட்டம். சொந்தக்காரர்களும் நண்பர்களும் கரையில் வேடிக்கை பார்க்க வருபவர்களும் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

புதுசாக ஒரு பைபர் படகு வாங்கினால் என்ன? எதற்குப் பழைய மரம்?

பைபர் படகு நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் கரையில் கிடைக்கும் பைபர் படகுகள் காலையில் போய் மாலையில் திரும்புவதற்காகச் செய்யப்பட்டவை. நிமிர்ந்து உட்கார, படுக்க, சமைக்க இடம் வேண்டும் என்றால் வயிறு அகன்ற வள்ளம்தான் சரிப்படும். அப்புறம், மரத்தை நம் ஊரிலேயே பழுது பார்க்க முடியும். மணப்பாட்டிலோ சின்னமுட்டத்திலோ ஒரு பலகை விரிந்துபோனால், அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் அங்கேயே இருப்பார்.

வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் வள்ளத்தின் முதுகைப் பாருங்கள். முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான அமரம் வரை நூல் பிடித்தால் அடிமரம், அதாவது ஏரா, நேராக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வருடக்கணக்கில் நடுவில் மட்டும் முட்டுக் கொடுத்து நிறுத்திய வள்ளம் இரண்டு முனையும் தொங்கிக் கூன் விழுந்திருக்கும். அழுகிய பலகையை மாற்றலாம், கூன் விழுந்த முதுகை நிமிர்த்துவது ஏறக்குறைய புது வள்ளம் கட்டுவதற்குச் சமம். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது அழுகல். கடல் தண்ணீர்தான் மரத்தைக் கெடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உப்புநீர் மரத்தை ஓரளவு காக்கும். அழுக வைப்பது மேலிருந்து ஒழுகி மூலையில் தேங்கும் மழைத்தண்ணீர். அதனால் அழுகலை அடியில் தேடுவதற்கு முன் மேலே தேடுங்கள்: தளப்பலகையின் ஓரங்கள், பாய்மரம் தளத்துக்குள் இறங்கும் இடம், வங்குகளின், அதாவது பலகைகளைத் தாங்கும் விலா மரங்களின், மேல்முனை, அமரத்தின் உள்மூலை. சின்ன மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் கணீரென்று பேசும், கெட்டது பொத்தென்று அமுங்கிவிடும். படகு கட்டும் தச்சரான எங்கள் ஓடாவி அண்ணாச்சி எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு சுத்தியலைக் கொடுத்து, “கண்ண நம்பாதிய, காத நம்புங்க” என்றார். சந்தேகம் வந்த இடத்தில் குத்தூசியால் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் அந்தத் துண்டு போயிற்று.

மூன்றாவது கப்பல் புழு. இது வெளியில் குண்டூசித் தலையளவு ஓட்டைதான் போடும், உள்ளே விரல் பருமனுக்குக் குடைந்துகொண்டே போகும். வெளியே வண்ணம் அழகாக இருக்கிற பலகை உள்ளே தேன்கூடாக இருக்கலாம். நீர்மட்டத்துக்குக் கீழே, ஏராவை ஒட்டிய முதல் பலகையில், சந்தேகமான இடத்தில் மெல்லிய துளை போட்டுப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கடைசியாக ஆணிகள். துருப்பிடித்த இரும்பாணி தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கறுக்க வைத்து மென்மையாக்கிவிடும். அங்கங்கே ஒன்றிரண்டு என்றால் பயமில்லை. பலகை வரிசை முழுக்கக் கறுப்பு வட்டங்கள் தெரிந்தால் மொத்த ஆணியையும் மாற்ற வேண்டிவரும், அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

மேலே பைபர் பூசிவிட்டால் எல்லாம் மூடிக்கொள்ளுமே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். மூடிக்கொள்ளும், அதுதான் ஆபத்து. வருடக்கணக்கில் தண்ணீரில் ஊறிய மரத்தின் மேல் பைபர் பூசினால் உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியே போக வழி இல்லை. மரம் ஊறும்போது விரியும், காயும்போது சுருங்கும். பைபர் ஓடு அதோடு சேர்ந்து அசையாது. கொஞ்ச நாளில் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து, நடுவில் தண்ணீர் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் அழுகும். புது மரத்தை நன்றாக உலர்த்தி உள்ளும் புறமும் எப்பாக்சிப் பிசின் ஏற்றிக் கட்டிய படகுக்கு இது பொருந்தும். ஆணியடித்து, பலகை இடைவெளிகளை அடைக்கும் கலப்பத்துப் போட்டுக் கட்டிய பழைய வள்ளத்துக்கு வேண்டாம். நாங்கள் தளத்துக்கு மேலே புதிதாகக் கட்டிய சின்னக் கூண்டுக்கு மட்டும் எப்பாக்சியும் கண்ணாடி இழைத் துணியும் பயன்படுத்துகிறோம்.

எப்பாக்சி கலக்குபவர்களுக்கு ஒன்று: நம் ஊர் வெயிலில் அது யாருக்காகவும் காத்திருக்காது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் கெட்டியாகும் நேரம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். மே மாதத்தில் பெரிய டப்பாவில் கலக்கினால் கையிலேயே கொதித்துப் புகைய ஆரம்பிக்கும். மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள், விடியற்காலையில் வேலையை முடித்துவிடுங்கள்.

கலப்பத்து என்றால் என்ன? நீங்களே செய்கிறீர்களா?

பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் முறுக்கிய பருத்தி நூலை உளியால் அடித்து இறக்கி, அதன்மேல் குங்கிலியத் தூளை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது கலப்பத்து. தண்ணீர் புகாமல் வள்ளத்தைக் காப்பது அதுதான். நாங்கள் கற்றுக்கொண்டு செய்கிறோம், அண்ணாச்சி பின்னாலேயே வந்து சரிபார்க்கிறார்.

கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் இதில் பலத்தைவிட நிதானம்தான் வேண்டும். கரையில் கிடந்த வள்ளத்தின் பலகைகள் காய்ந்து சுருங்கியிருக்கும். இடைவெளி பெரிதாகத் தெரிகிறதே என்று நூலைத் திணித்து இறுக்கிவிட்டால், தண்ணீரில் இறக்கியதும் பலகை ஊறி விரிந்து, போக இடமில்லாமல் வங்கிலிருந்து ஆணியையே பிடுங்கிவிடும். ஆகவே கொஞ்சம் தளர்வாகத்தான் விட வேண்டும். அதனால் இறக்கிய முதல் நாட்களில் வள்ளம் ஒழுகும். பயப்பட வேண்டியதில்லை, பம்பை ஓடவிட்டு, ராவும் பகலும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மரம் ஊற ஊற வாய் மூடிக்கொள்ளும்.

வங்குகளை மாற்றும்போதும் இப்படித்தான் பொறுமை வேண்டும். கெட்ட வங்குகளை வரிசையாகக் கழற்றிவிடாதீர்கள், வள்ளம் தன் வடிவத்தை மறந்துவிடும். ஒன்றை எடுத்து, புதியதை வைத்து இறுக்கிய பிறகே இன்னொன்று. வங்குக்கு இயற்கையாகவே வளைந்த கிளைதான் வேண்டும். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் இழை வெட்டுப்பட்டு, பாரம் ஏறும்போது அந்த இடத்திலேயே பிளக்கும். இப்போதெல்லாம் நானும் அவரும் எந்த ஊருக்குப் போனாலும் வேப்பமரம், பூவரசு, வாகையின் கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறோம்.

எந்த மாதத்தில் எந்த வேலை?

நம் பக்கத்துக் காலநிலையே அட்டவணையைப் போட்டுவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் மரம் உலர்வதால் பலகை வேலையும் பிளவு பார்ப்பதும் அப்போது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது வண்ணம், வார்னிஷ் இரண்டையும் மறந்துவிடுங்கள். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடுகளுக்கு அருகில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்தச் செம்மணல் ஈர வார்னிஷில் ஒட்டினால் மறுபடியும் முழுக்கத் தேய்க்க வேண்டியதுதான். அந்த மாதங்களில் எஞ்சின், மின்சாரம், பாய் தைப்பது என்று மறைவான வேலைகளைச் செய்யலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. வள்ளத்தை எங்கே ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் அப்போது கேள்வி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், தாமிரபரணி கரைபுரண்டதும் நம் எல்லோருக்கும் தெரியும். ஆற்று முகத்துவாரம் அழகாக இருக்கிறது, வாடகை குறைவு என்று தாழ்ந்த இடத்தில் முட்டுக் கொடுத்து நிறுத்தாதீர்கள். வெள்ளம் வந்தால் வள்ளம் மிதக்கும், ஆனால் முட்டின் மேலேயே திரும்ப வந்து உட்காராது.

வேலையை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்? எஞ்சின் அவர், வண்ணம் நீங்களா?

பிரித்துக்கொள்வதில்லை. இந்தப் பக்கத்தில் மற்ற எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள்.

இருவர் கடலில் போகிறார்கள் என்றால் ராத்திரியில் ஒருவர் தூங்குவார், ஒருவர் விழித்திருப்பார். அப்படியானால் எந்த நேரத்திலும் வள்ளத்தை ஓட்டுவது ஒரே ஆள்தான். அந்த ஆளுக்கு எஞ்சின் நின்றால் டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி மறுபடி ஓடவைக்கத் தெரிய வேண்டும், பாயைச் சுருக்கத் தெரிய வேண்டும், எந்தப் பலகைக்குப் பின்னால் எந்தக் குழாய் போகிறது என்று இருட்டில் கை வைத்துச் சொல்லத் தெரிய வேண்டும். மற்றவருக்குக் காய்ச்சலோ, தலைசுற்றலோ, அதைவிட மோசமாக அவர் தண்ணீரிலேயே விழுந்துவிட்டாலோ, மிச்சமிருப்பவர்தான் இருவரையும் கரை சேர்க்க வேண்டும். “எஞ்சின் விஷயம் அவருக்குத்தான் தெரியும்” என்று அன்றைக்குச் சொல்ல முடியாது.

அதனால் எங்கள் முறை இது: ஒரு வேலையை ஒருவர் செய்வார், மற்றவர் பார்ப்பார். அப்புறம் பார்த்தவர் அதைக் கழற்றி, திரும்ப மாட்டுவார். வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது, உண்மைதான். ஆனால் எனக்கு டீசல் பில்டர் மாற்றவும், விசிறித் தண்டு வழியாகத் தண்ணீர் புகாமல் அடைக்கும் கிளாண்டை இறுக்கவும் தெரியும், அவருக்குப் பாய் தைக்கவும் கலப்பத்து அடிக்கவும் தெரியும். வள்ளத்தில் என் கை போகாத இடம், அவர் கை போகாத இடம் என்று எதுவும் இருக்கக்கூடாது என்பதில் இருவரும் உறுதியாக இருக்கிறோம்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. எந்தப் பொருளை வாங்கினாலும் இருவரில் பலம் குறைந்தவருக்கு ஏற்றபடி வாங்க வேண்டும். எங்களில் அது நான். பாயைத் தாங்கும் பழைய குறுக்குக் கழி, அதாவது பருமல், நாலு ஆள் சேர்ந்து ஏற்றும் எடை; அதைக் குறைத்து, ஒரு பெரிய பாய்க்குப் பதில் இரண்டு சின்னப் பாய் வைக்கிறோம், கப்பி போட்டு இழுத்தால் நான் ஒருத்தியே ஏற்றிவிடுவேன். நங்கூரம் 15 கிலோ. அமரத்தில் தண்ணீருக்குள் இறங்கும் ஏணி நிரந்தரமாக இருக்கும். நாலு மடங்கு இழுக்கும் கப்பிக் கயிறு ஒன்று தயாராகத் தொங்கும். நனைந்த துணியோடு மயங்கிக் கிடக்கும் ஒரு ஆளை வெறும் கையால் விளிம்புக்கு மேல் தூக்க யாராலும் முடியாது. அவர் என்னைத் தூக்குவதையும் நான் அவரைத் தூக்குவதையும் கரையோர ஆழமில்லாத தண்ணீரில் பழகிக்கொண்டிருக்கிறோம்.

சண்டை வராதா?

வரும். வெயில், தூசி, செலவு மூன்றும் சேரும்போது நிச்சயம் வரும். இரண்டு ஒப்பந்தம் எங்களைக் காப்பாற்றுகிறது. ஒன்று, பத்திரமா இல்லையா என்ற விஷயத்தில் யார் “வேண்டாம்” என்றாலும் அதுதான் முடிவு, விளக்கம் கேட்கக்கூடாது. இரண்டு, ஞாயிற்றுக்கிழமை வள்ளத்துப் பக்கம் போவதில்லை. அன்றைக்கு ஜங்ஷன் பக்கம் ஒரு நடை, வீட்டில் சொதி, மாலையில் ஒரு படம்.

எஞ்சின் பற்றிச் சொல்லுங்கள்.

எங்களுடையது பழைய ஒற்றைச் சிலிண்டர் டீசல். கைப்பிடி சுற்றியும் ஓடவைக்கலாம் என்பதற்காகவே அதை வைத்துக்கொண்டோம். டீசல் எஞ்சின் கடலில் நிற்பதற்குப் பெரும்பாலும் எஞ்சின் காரணமாக இருப்பதில்லை, டீசல்தான் காரணம். பழைய டேங்கின் அடியில் தண்ணீரும் சகதியும் படிந்திருக்கும்; கரையோரம் ஓடும்வரை தெரியாது, வள்ளம் ஆடும்போதுதான் எல்லாம் கலங்கிக் குழாய்க்குள் போகும். டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். தண்ணீர் பிரிக்கும் பில்டரைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். விசிறித் தண்டு வெளியேறும் கிளாண்ட், தண்டு சுற்றும்போது சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முழுக்க நிறுத்தும் அளவுக்கு இறுக்கினால் தண்டு சூடாகித் தேயும்.

மின்சாரம்?

குறைவாக வைத்துக்கொண்டோம். 12 வோல்ட் பேட்டரி, கூண்டின் மேல் சூரியத் தகடு, விளக்கு, பம்பு, கடலில் பேச உதவும் விஎச்எப் ரேடியோ, போன் சார்ஜ். வயர் ஈயம் பூசிய செம்பாக இருக்கட்டும், வீட்டு வயர் உப்புக் காற்றில் பச்சை பிடித்துவிடும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ப்யூஸ்.

பழைய வண்ணத்தைச் சுரண்டுவது ஆபத்தா?

ஆம், இதை நம் கரையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது எனக்கு வருத்தம். பழைய படகுகளில் அடிப்பூச்சாக ரெட் லெட் பூசியிருப்பார்கள், அது ஈயம். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சிலும் துணியிலும் ஏறி வீட்டுக்கே வரும். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது மிகவும் கெடுதல். தண்ணீர் தொட்டுத் தேய்க்கவும், நல்ல முகமூடி போடவும், வேலைத் துணியைத் தனியாகத் துவைக்கவும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் சுரண்டவே வேண்டாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

வள்ளம் வாங்கும் விலை சின்னத் தொகைதான். ஓடாவி கூலி, மரம், எஞ்சின், பாய், நங்கூரமும் சங்கிலியும் என்று தனித்தனியாக மதிப்புப் போட்டு, கூட்டிய தொகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். பலகையைத் திறந்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். பணம் பற்றவில்லை என்றால் படுக்கை, அலமாரி, வண்ணம் காத்திருக்கலாம். அடிப்பலகை, சுக்கான், நங்கூரம், பம்பு காத்திருக்க முடியாது. கடன் வாங்கி மட்டும் செய்யாதீர்கள்.

அனுமதி வேண்டாமா?

வேண்டும். மீன்வளத் துறையில் பதிவான வள்ளம் மீன்பிடிக்கத்தான். அதை உல்லாசமாகச் சுற்றப் பயன்படுத்த முடியாது. வாங்கும்போதே பழைய பதிவை முறைப்படி முடித்து, புதிய பயன்பாட்டுக்கு என்ன பதிவு என்று தூத்துக்குடியில் உள்ள வணிகக் கடல்சார் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய உரிமையாளர் பெயரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆதார் அட்டை, வள்ளத்தின் காகிதங்கள் எப்போதும் கூடவே இருக்க வேண்டும், கடலோரக் காவல் குழுமம் எங்கேயும் நிறுத்திக் கேட்கலாம்.

ஏன் வடக்கே ராமேஸ்வரம் பக்கம் போகவில்லை?

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. 1986 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. நினைத்தபடி இறங்கவோ பவளப்பாறை மேல் நங்கூரம் போடவோ கூடாது, போடவும் மனம் வராது. அதைத் தாண்டினால் பாம்பன் பாலம் திறக்கக் காத்திருக்க வேண்டும், அந்தப் பக்கம் எல்லைக்கோடு நெருக்கம். முதல் பயணத்துக்கு இவ்வளவு சிக்கல் வேண்டாம்.

தெற்கே போனால் மணப்பாடு, உவரி, கூடங்குளத்துக்கு வெகுதொலைவில் விலகி ஓட்டம், அப்புறம் சின்னமுட்டம் துறைமுகம். குமரியைச் சுற்றினால் குளச்சல், விழிஞ்ஞம், கொல்லம். கொல்லத்திலிருந்து கோட்டப்புரம் வரை 168 கிலோமீட்டர் உள்நாட்டு நீர்வழி இருக்கிறது, பாலங்களுக்காகப் பாய்மரத்தை இறக்கி ஏற்றும்படி செய்திருக்கிறோம்.

எப்போது கிளம்புவீர்கள்?

தைப் பொங்கல் கழித்து. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி எவ்வளவு வேகமாக உருவாகிக் குமரிக் கடலைப் புரட்டியது என்று கரையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் கார்த்திகை, மார்கழி எங்கள் கணக்கிலேயே இல்லை. தையிலிருந்து பங்குனி வரை மேற்குக் கரை பொதுவாக அமைதியாக இருக்கும். அதற்குப் பிறகு கள்ளக்கடல்: காற்றே இல்லாமல், தொலைதூரத் தென்கடலிலிருந்து பெரிய அலை வரும். ஒவ்வொரு நாளும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல் நிலை முன்னறிவிப்பைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்ப்பதில்லை. விஎச்எப் 16-ஆம் அலைவரிசை எப்போதும் திறந்திருக்கும். கடலோரக் காவல்படை 1554, கடலோரக் காவல் குழுமம் 1093. இரண்டு எண்ணையும் சுக்கானுக்குப் பக்கத்திலேயே வண்ணத்தில் எழுதியிருக்கிறோம்.

வீட்டில் சம்மதித்தார்களா?

அத்தை முதலில் பேசவே இல்லை. கரைக்கு அழைத்துப் போய், அவர் எதிரிலேயே நான் தனியாக எஞ்சினை ஓடவைத்து, நங்கூரத்தைத் தூக்கிக் காட்டிய பிறகு, “மழையில மட்டும் போயிராதிய” என்றார். அதை நாங்கள் நிபந்தனையாகவே எடுத்துக்கொண்டோம்.

நாங்களும் இப்படிச் செய்ய ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் தூத்துக்குடிக் கரைக்கு வாருங்கள். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி, பலகை திறந்து கிடக்கும். நல்ல வங்கு, கெட்ட வங்கு, புழு அரித்த பலகை என்று எல்லாவற்றையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். ஆனால் அப்போது ஓடாவிகளிடம் வேலை கேட்காதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஓரமாக நின்று பாருங்கள், பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆடி முடிந்து வேலை தணிந்த பிறகு இருவரும் சேர்ந்தே போய்ப் பேசுங்கள்.